‘சூழல் கேம்’ என்று சிலர் கொண்டாடுகிறார்களே, நடப்பதையும் குதிரை ஓட்டுவதையும் தவிர அவற்றில் என்ன இருக்கிறது?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தையும் படித்தேன். சண்டை, புள்ளி, பரபரப்பைவிட ஓர் இடத்தில் இருக்கும் உணர்வையே பெரிதாக நினைக்கும் வீடியோ கேம்களைத்தான் ‘சூழல் கேம்’ என்கிறார்கள். தள்ளுபடியில் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ என்ற அப்படிப்பட்ட ஒரு கேமை வாங்கி, ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, “வெட்டவெளியில் குதிரை ஓட்டுவதைத் தவிர ஒன்றுமில்லை, இதற்கு ஒரு ஸ்கிரீன்சேவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் கண்ணியமாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அந்த ஸ்கிரீன்சேவர் என்ற சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சுட்டுத்தள்ளும் கேம்களை ஆடுகிறவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மகனோடு கிரிக்கெட் கேம் ஆடித் தோற்கிறவன்தான் நானும். “நாற்பதைத் தாண்டியவருக்கு கேம் ஒரு கேடா” என்று கேட்க வருகிறவர்கள் வேறு கேள்விக்குப் போய்விடலாம். அதைக் கேட்க என் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

நீங்கள் எப்படி ஆடியிருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. பகல் வேளை, டிவியின் சொந்த ஸ்பீக்கர், மடியில் போன். குதிரை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி. அடுத்து எங்கே போவது என்று தெரியாதபோது ஒரு வழிகாட்டி வீடியோ. தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள், ஆனால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இந்த வகை கேம்களைப் புகழ்கிறவர்கள்தான் உங்கள் ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் என்பேன். எப்போது பார்த்தாலும் ஒளி, மூடுபனி, இசை, பிரம்மாண்டம் என்று கண்ணுக்குத் தெரிவதையே பேசுகிறார்கள். அந்தப் புகழ்ச்சியை அப்படியே எடுத்து ஒரு வால்பேப்பருக்கும் எழுதிவிடலாம். நல்ல சூழல் கேம் என்பதைக் கட்டுப்பாட்டிலிருந்துதான் செய்கிறார்கள் என்பது என் கட்சி. பொத்தானை அழுத்தினால் எவ்வளவு தாமதமாகப் பதில் வருகிறது, எதை உங்களால் செய்ய முடியாது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டியிருக்கிறது, இதில்தான் விஷயம் இருக்கிறது. படம் அதற்குத் துணை.

அக்ரோ என்ற அந்தக் கறுப்புக் குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பல கேம்களில் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தள்ளிய திசையில் குதிரை அந்தக் கணமே பாயும். இங்கே பொத்தானை அழுத்தினால், மேலே இருக்கும் கதாநாயகன் வாண்டர் குதிகாலால் உதைக்கிறான். குதிரை அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வேகமெடுக்கிறது. திரும்பச் சொன்னால் ஒரு வளைவு போட்டுத்தான் திரும்புகிறது. பள்ளத்தின் விளிம்பு வந்தால் நீங்கள் என்ன சொன்னாலும் தயங்குகிறது. குறுகிய மலைப்பாதையில் நீங்கள் சும்மா விட்டுவிட்டால் அதுவே வளைந்து வளைந்து சரியாகப் போய்விடும், பிடித்து இழுத்தால்தான் பாறையில் முட்டிக்கொள்ளும். 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த காலத்திலேயே இதைக் குறையாக எழுதியவர்கள் நிறைய. 2018-இல் புளூபாயின்ட் நிறுவனம் பிளேஸ்டேஷன் 4-க்காகப் படங்கள் முழுவதையும் புதிதாகச் செய்தது. புல்லும் பாறையும் அடியோடு மாறின. குதிரையின் குணத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்கு ஒரு பின்னணி உண்டு. என் மனைவியின் அண்ணன் கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு விசேஷத்துக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். இரவு எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் ஆடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் பின்னால் நின்று வெகு நேரம் பார்த்திருக்கிறார். “என்ன மாப்பிள்ளை, வந்ததிலிருந்து குதிரையிலேயே போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஆட்டம் எப்போது தொடங்கும்?” என்று கேட்டார். இதுதான் ஆட்டம் மச்சான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கிவைத்தேன்.

அவர் கேம் ஆடிப் பழக்கமில்லாதவர். குதிரையில் ஏறி, வாளை வெயிலில் தூக்கிப் பிடித்தால் சிதறியிருக்கும் ஒளிக்கதிர்கள் போக வேண்டிய திசையில் ஒன்றுகூடும், நிழலில் நின்றால் அது வேலை செய்யாது என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச தூரம் போனார். “உங்கள் குதிரையில் பேக்லாஷ் அதிகம், மாப்பிள்ளை” என்றார். லேத்தில் கைப்பிடியைத் திருப்பினாலும் உள்ளே மரையில் இருக்கும் இடைவெளி தீரும்வரை டூல் நகராது அல்லவா, அதைச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே, மரம் வருவதற்கு முன்பாகவே ஸ்டிக்கைத் திருப்பத் தொடங்கிவிட்டார். இயந்திரத்தின் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பழகிய கை அது, யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் அத்தனை விமர்சனக் கட்டுரைகளில் படித்ததைவிட இந்த ஒரு வாக்கியம் அந்தக் குதிரையைச் சரியாகச் சொன்னது.

பிறகு முதல் பூதம். இந்த கேமில் ஒவ்வொன்றாக வீழ்த்த வேண்டிய ராட்சத உயிர்களைத்தான் பூதம் என்கிறேன். ஒரு மேட்டில் ஏறிப் போனால், கையில் கதாயுதத்தோடு மலை மாதிரி ஒன்று நடந்து வருகிறது. கெண்டைக்காலில் குத்தி முட்டி போடவைத்து, முதுகு ரோமத்தைப் பிடித்துத் தலைவரைக்கும் ஏற வேண்டும். வலக்கை விரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பிடி நிற்கும். திரையின் ஓரத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அது தீர்ந்தால் கீழே விழ வேண்டியதுதான். பூதம் உடம்பை உதறும்போது வாண்டர் காற்றில் துணி மாதிரி அலைவான். அந்த நேரத்தில் மச்சானின் விரலைப் பார்த்தேன். நகத்தடி வெளுத்துப் போயிருந்தது. மெதுவாக அழுத்தினாலும் போதும் மச்சான், கன்ட்ரோலருக்கு எல்லாம் ஒன்றுதான் என்றேன். தலையை ஆட்டினார், பிடியைத் தளர்த்தவில்லை. நான் பார்த்தவரை யாருமே தளர்த்துவதில்லை. ஸ்கிரீன்சேவரைப் பார்த்து எவருக்காவது நகம் வெளுத்ததுண்டா? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கதை இனிமையாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். பூதம் விழுந்தவுடன் சோகமான இசை, கறுப்பு இழைகள் வந்து வாண்டரைத் துளைக்கின்றன, அவன் மயங்கி விழுகிறான். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து, “காசு, புள்ளி ஒன்றும் வரவில்லையே?” என்றார். ஜெயித்தவனுக்கு ஒன்றும் கிடைக்காத ஆட்டத்தை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மறுநாள் காலை என் மகனோடு கிரிக்கெட் கேம் ஆடினார், நன்றாகவே ஆடினார். அதனால் என் வாதம் விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பிடிப்பது வேறு, ஒன்றுமில்லை என்பது வேறு.

‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ கேமின் இயக்குநர் ஃபுமிட்டோ உவேடா ஓவியம் படித்தவர். தேவையில்லாததைக் கழித்துக்கொண்டே போவது அவருடைய வழி. முதலில் 48 பூதங்கள் என்று திட்டமிட்டு, 24 ஆக்கி, கடைசியில் 16-இல் நிறுத்தினார்கள். வழியில் சில்லறை எதிரிகள் கிடையாது, ஊர் கிடையாது, கடை கிடையாது. பல்லிகளும் பழ மரங்களும் பறவைகளும்தான். பயணத்தில் இசைகூடப் பெரும்பாலும் இல்லை, காற்றும் குளம்பொலியும் மட்டும். நீங்கள் வெறுமை என்று குறைப்பட்டுக்கொண்டது இதைத்தான். ஆனால் பதின்மூன்றாவது பூதம்வரை போயிருந்தால் இந்தக் கழித்தல் எதற்கு என்று தெரிந்திருக்கும். பாலைவனத்தில், மணலுக்குள்ளிருந்து எழும்பி வானத்தில் நெளிந்து பறக்கும் நீளமான உயிர் அது. உங்களைத் தாக்குவதே இல்லை. வயிற்றுப் பக்கம் இருக்கும் காற்றுப் பைகளை அம்பால் துளைத்தால் தாழ இறங்கி, துடுப்புகள் மணலை உழுதுகொண்டு போகும். அதற்கு இணையாகக் குதிரையை விரட்டிக்கொண்டு போய், சேணத்தின் மேல் எழுந்து நின்று, துடுப்புக்குத் தாவ வேண்டும். அதுவரை சொன்ன பேச்சைக் கேட்காமல் இருந்த அக்ரோ, இங்கே நீங்கள் வில்லை எடுத்து வானத்தைப் பார்த்துக் குறிபார்க்கும்போதும் தன் பாட்டுக்கு நேராக ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிற வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறீர்கள். அத்தனை மணி நேரம் வெட்டவெளியில் ஓட்டிய பழக்கம் இல்லையென்றால் இந்த ஒப்படைப்பு விரலுக்கு வராது.

இதையெல்லாம் அமைதியில் ஆட வேண்டும் என்று சொல்ல வந்தவனுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் ஜெனரேட்டரை என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அது லிப்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும் மட்டும். வீட்டுக்குள் ஒரு மின்விசிறிகூட அதில் ஓடாது. அதாவது கரண்ட் போனால் லிப்ட் ஏறுகிறவர்களுக்கு வசதி, எனக்குப் புகையும் சத்தமும். பராமரிப்புக் கட்டணம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கூட்டத்தில் கேட்டதற்குச் செயலாளர், “சத்தம் எல்லோருக்கும்தானே சார் கேட்கிறது” என்றார். முதல் மாடிக்காரன் காதும் ஏழாம் மாடிக்காரன் காதும் ஒன்றா? இந்த ஆண்டு தேர்தலில் நானே நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

வேறு கேம்களிலும் இதே கதைதான். 1999-இல் வந்த ‘சைலன்ட் ஹில்’ மூடுபனி புகழ்பெற்றது. முதல் பிளேஸ்டேஷனால் அதிக தூரம்வரை தெருவை வரைந்து காட்ட முடியாது, அந்தக் குறையை மறைக்கப் பனி உதவியது. ஆனால் பயமுறுத்துவது பனி மட்டும் இல்லை. கையிலிருக்கும் சின்ன ரேடியோ இரையத் தொடங்கினால் ஏதோ அருகில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று தெரியாமல் நீங்கள் நடையை நிறுத்திவிடுகிறீர்கள். ‘இன்சைட்’ என்ற 2016-ஆம் ஆண்டு கேமில் பேச்சே கிடையாது. மனம் பறிக்கப்பட்ட மனிதர்கள் வரிசையாக நடக்கும் ஓர் இடத்தில் சிறுவன் அவர்களோடு ஒருவனாக நடக்க வேண்டும். அவர்கள் நின்றால் நிற்க வேண்டும், குதித்தால் குதிக்க வேண்டும், திரும்பினால் திரும்ப வேண்டும். ஓட வேண்டும் என்று விரல் துடிக்கும், ஓடினால் செத்தோம்.

என்னைக் கேட்டால் உச்சம் 2019-இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. இருபத்திரண்டு நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விண்கலத்தில் ஒவ்வொரு கிரகமாகப் போய் ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். (ஆடப்போகிறவர்கள் அடுத்த மூன்று வாக்கியங்களைத் தாண்டிவிடுங்கள்.) அதில் முள்ளும் மூட்டமுமாக ஓர் இடம் இருக்கிறது, உள்ளே தலையில் விளக்கு தொங்கும் ராட்சத மீன்கள். அவற்றுக்குக் கண் தெரியாது, எஞ்சின் சத்தம்தான் எமன். ஆகவே உள்ளே நுழைவதற்கு முன்பே திசையைச் சரிசெய்துவிட்டு, எஞ்சினைத் தொடாமல், பற்களுக்கு நடுவே மிதந்து போக வேண்டும். கேம் ஆடும்போது கன்ட்ரோலரிலிருந்து விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அங்கேதான்.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘வெண்பா’வைச் சொல்லவில்லையே என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேம், 2023-இல் வந்ததும் ஆடினேன், கிழிந்து அழிந்த சமையல் குறிப்பேட்டை ஊகித்து ஊகித்துச் சமைப்பது அழகான யோசனை. ஆனால் அங்கே கதைதான் உங்களை இழுத்துக்கொண்டு போகிறது. நான் பேசுவது கதை வாயைத் திறக்காதபோதும் நிற்கிற கேம்களை.

எல்லாச் சூழல் கேமும் தங்கம் என்றும் எண்ணிவிடாதீர்கள். அழகான காட்டைக் காட்டி, நடக்கும் வேகத்தை மட்டும் குறைத்து, பின்னணியில் யாரோ கவிதை படிக்கிற குரலைப் போட்டு ஏமாற்றுகிறவையும் இருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் ஸ்கிரீன்சேவர் பட்டத்தை நானே வழிமொழிகிறேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லலாம் என்றால், ஐந்தாவது பூதம்வரை மட்டும் ஆடுங்கள். இரவில், ஹெட்போனோடு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, வழிகாட்டி வீடியோ இல்லாமல். ஏரிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெரிய பறவைதான் அந்த ஐந்தாவது பூதம். அம்பு எய்து அதன் கவனத்தைத் திருப்பி, அது உங்களை நோக்கிப் பாய்ந்து வரும் நொடியில் இறக்கையைத் தாவிப் பிடிக்க வேண்டும். அப்போதும் விரல் இறுகவில்லையென்றால் டிஸ்க்கை விற்றுவிடுங்கள், பழைய டிஸ்க் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிஜிட்டலாக வாங்கியிருந்தால் அந்த வழியும் இல்லை, மீதிப் பதினொன்றையும் முடித்துவிடுங்கள்.