லண்டன் வென்ற அயர்லாந்துப் பட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டான ஹர்லிங்கைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்ததைப் படித்த பின், அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். கார்க், டிப்பரரி, கில்கென்னி என்று வரும் அயர்லாந்துக் கவுண்டிகளின் (மாவட்டங்களின்) பெயர்களுக்கு நடுவே, 1901க்கு நேராக லண்டன் என்றிருக்கிறது. அதன் இறுதியாட்டம் நடந்த நாளாக 1903 ஆகஸ்ட் 2 குறிக்கப்பட்டுள்ளது. இவற்றில் எது அச்சுப்பிழை? இரண்டும் சரியென்றால், ஓர் அந்நிய நகரம் அயர்லாந்தின் கோப்பையை எப்படி வென்றது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

இரண்டும் சரியே. நாளைப் பற்றிய ஐயத்தை எளிதில் தீர்த்துவிடலாம். அக்காலத்தில் போட்டிகள் அந்தந்த ஆண்டுக்குள் முடிந்ததே அரிது. 1900க்குரிய இறுதியாட்டம் 1902 அக்டோபரிலும், 1902க்குரியது 1904 செப்டம்பரிலும், 1903க்குரியது 1905 நவம்பரிலும் நடந்தன. தோற்ற கவுண்டி ஆட்சேபம் எழுப்புவதும், மறு ஆட்டத்துக்கு ஆணை பிறப்பதும், அது முடியும் வரை அடுத்த சுற்று காத்துக் கிடப்பதும் வழக்கமாக இருந்தன. ஆடியவர்கள் உழைத்துப் பிழைப்பவர்கள் என்பதால் ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளும் இல்லை.

லண்டன் நுழைந்த கதைதான் சுவையானது. 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கப்பட்டு இப்போட்டியை நடத்திவரும் கேலிக் விளையாட்டுச் சங்கம், 1900ஆம் ஆண்டுப் போட்டி முதல் பிரிட்டனையும் தனி மாகாணமாகச் சேர்த்துக்கொண்டது. அயர்லாந்தின் நான்கு மாகாணங்களும் தங்களுக்குள் மோதி 'உள்நாட்டு இறுதியாட்டம்' ஒன்றை முடிக்க, அதில் வென்ற கவுண்டி லண்டனோடு ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, 1900 முதல் 1903 வரையிலான நான்கு ஆண்டுப் போட்டிகளிலும் லண்டன் ஒரே ஓர் ஆட்டத்தை வென்றால் பட்டம் கிடைத்துவிடும். கவுண்டியின் பெயரில் ஆடியது பெரும்பாலும் அங்கே முதலிடம் பெற்ற கிளப்பே. கார்க்குக்காக ஆடிய ரெட்மண்ட்ஸ் கிளப், பல சுற்றுகளைக் கடந்து, உள்நாட்டு இறுதியாட்டத்தில் வெக்ஸ்ஃபர்டை 2-8க்கு 0-6 என்று (முதல் எண் கோல்கள், அடுத்தது புள்ளிகள்) வீழ்த்திய பிறகே லண்டனை எதிர்கொள்ள முடிந்தது. இதை நியாயமான ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் 'அந்நிய நகரம்' என்று தாங்கள் எழுதியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. லண்டன் அணியினர் வேலை தேடிக் கடல் கடந்த அயர்லாந்துக்காரர்கள். பெரும்பாலோர் மன்ஸ்டர் மாகாணத்தின் கிராமங்களிலேயே மட்டை பிடிக்கப் பழகியவர்கள். கார்க்கும் அதே மாகாணத்தின் கவுண்டிதான் என்பதால், டப்ளினின் ஜோன்ஸ் சாலைத் திடலில் (இன்றைய குரோக் பார்க்) அன்று மோதியவை ஒரே மண்ணின் இரண்டு பகுதிகள் என்றே கொள்ளலாம். பக்கத்துக்குப் பதினேழு பேர் ஆடிய காலம் அது. ஒரு கோல் மூன்று புள்ளிகளுக்குச் சமம் என்ற கணக்கில், லண்டன் 1-5, கார்க் 0-4, அதாவது எட்டுக்கு நான்கு.

குருட்டு அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்குவோர் முந்தைய ஆண்டின் கணக்கையும் பார்க்க வேண்டும். அப்போது டிப்பரரியிடம் லண்டன் 0-6க்கு 2-5 என்றுதான் தோற்றது. ஐந்தே புள்ளி வித்தியாசம். ஆகவே 1901இன் வெற்றியை உரிய வெற்றியாகவே நான் எண்ணுகிறேன். அதற்காக லண்டனைக் கார்க்குக்கு நிகரான அணியாக வைக்கவும் இயலாது. அடுத்த ஆண்டுப் போட்டியின் இறுதியில் கார்க் 3-13 எடுத்தபோது லண்டன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதற்கும் அடுத்த இறுதியாட்டத்திலும் கார்க்கே 3-16க்கு 1-1 என்று லண்டனை வென்றது. அத்துடன் அந்த ஏற்பாடும் முடிவுக்கு வந்தது. அயர்லாந்துக்கு வெளியேயிருந்து வந்து இப்பட்டத்தை வென்ற அணி, இன்றளவும் லண்டன் ஒன்றுதான்.

கோப்பை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். 1901இல் அந்தக் கோப்பையே இல்லை. இன்று வழங்கப்படும் கோப்பை லியம் மெக்கார்த்தியின் பெயர் தாங்கியது. கார்க்கிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லண்டனில் பிறந்த அவர், அந்நகரில் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். அதை முதன்முதலில் கையில் வாங்கியவர் லிமெரிக் அணித்தலைவர் பாப் மெக்கான்கி. அது 1921ஆம் ஆண்டுக்குரிய பட்டம். விடுதலைப் போரும் உள்நாட்டுப் போரும் குறுக்கிட்டதால் அதன் இறுதியாட்டமும் 1923இல்தான் நடந்தது.