95 பி.எஸ்.ஐ காட்டும் செயின் சா: பிரித்து வேலை செய்யலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். கவாத்துக்கும் விறகுக்கும் எட்டு வருடமாக ஒரு 45 சிசி செயின் சா ஓடுகிறது. காலையில் பத்து இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி பிடிக்காது. பைக் மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பார்த்து 95 பி.எஸ்.ஐ என்றார். பிஸ்டன் செட் மாற்றினால் சரியாகுமா, புதிதாக வாங்குவதா?

பதில்: சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது கம்ப்ரஷன் குறைந்ததற்கு நல்ல அடையாளம்தான். சூட்டில் ஆயில் படலம் மெலிந்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் ஓரமாகக் காற்று கசியும். ஆனாலும் அந்த 95-ஐ உடனே நம்பிவிடாதீர்கள். பைக்குக்கு வைத்திருக்கும் கேஜில் நீளமான ஹோஸ் இருக்கும். 45 சிசி சிலிண்டருக்கு அந்த ஹோஸின் உள்ளிடமே பெரிது. ஸ்பார்க் பிளக் துளையில் திருகும் முனையிலேயே வால்வு இல்லாத கேஜ் குறைத்துத்தான் காட்டும்.

சரியான கேஜை வாங்கி, இன்ஜின் சூடாக இருக்கும்போது மறுபடி பாருங்கள். சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி, முள் ஏறுவது நிற்கும்வரை ஆறேழு முறை இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தாவிட்டால் நல்ல இன்ஜின்கூடக் குறைவாகக் காட்டும். 120-க்கு மேல் இருந்தால் கோளாறு கார்புரேட்டரிலோ இக்னிஷன் காயிலிலோ இருக்கலாம். 100-க்குக் கீழே என்றால் சந்தேகமில்லை, திறந்து பார்க்க வேண்டியதுதான். ஓசூர், தளி போன்ற மேட்டுப் பகுதியில் பார்ப்பவர்கள் பத்து சதவீதம் வரை குறைவாக எதிர்பார்க்கலாம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே அவ்வளவு குறைவு.

முதலில் சைலன்சரை மட்டும் கழற்றி, டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்தபடி பிஸ்டனைப் பாருங்கள். குறுக்குவாட்டில் நுண்ணிய கோடுகள் தெரிந்தால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது. மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் சூட்டில் உரசியிருக்கிறது: பெட்ரோலில் ஆயில் குறைந்திருக்கும், அல்லது எங்கோ வெளிக்காற்று நுழைந்து கலவை மெலிந்திருக்கும். கார்புரேட்டரையும் கழற்றி அந்தப் பக்கம் பாருங்கள். கீறல் இல்லாமல் சாம்பல் நிறத்தில் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. கோடையில் நம் ஊர்த் தோப்பு மண் பொடியாகப் பறக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே காற்றுக் கசிவைப் பார்த்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சைக்கிள் டியூப் துண்டால் எக்ஸாஸ்ட் வாயை அடைத்து, கார்புரேட்டர் பக்கமிருந்து 7 பி.எஸ்.ஐ அளவுக்குக் காற்றேற்றி, ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். கிராங்க் ஆயில் சீல், இன்டேக் ரப்பர், சிலிண்டர் அடி எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழி விடும். அதைச் சரிசெய்யாமல் பிஸ்டன் மட்டும் மாற்றினால் புதுப் பிஸ்டனும் அதே மாதிரி எரியும்.

அடுத்து, ஃப்ளைவீலை (கயிறு இழுக்கும் பக்கத்து மூடிக்குள் இருக்கும் சக்கரம்) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள், எட்டு வருட மெஷினுக்கு அந்தச் செலவு கட்டாது.

ஆட்டம் இல்லையென்றால் சிலிண்டரைக் கழற்றலாம். இதை லேத்துக்குக் கொடுத்து பைக் மாதிரி ரீபோர் செய்ய முடியாது. உள்ளே இருப்பது அலுமினியத்தின் மேல் கடினமான முலாம். கடைந்தால் அதுவே போய்விடும். கீறல் போலத் தெரிவது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியம். கையுறை போட்டு, திறந்த வெளியில், ஹைட்ரோகுளோரிக் ஆசிடைப் பஞ்சுக் குச்சியால் அந்தக் கோட்டில் மட்டும் தொடுங்கள். ஒட்டிய அலுமினியம் கரையும்வரை நுரைக்கும். நுரை நின்றதும் நிறையத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, ஆயில் தடவுங்கள். சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வரும் துளைகளின் ஓரத்தில் ஆசிட் படக்கூடாது, அங்கே சிலிண்டரே கரையும். நுரை நிற்காமல் வந்தால் முலாம் உரிந்துவிட்டது. சிலிண்டரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

சிலிண்டர் சுத்தமாக, பிஸ்டனில் கீறல் இல்லாமல் இருந்தால், பழைய ரிங்கை பிஸ்டன் தலையால் நேராகச் சிலிண்டருக்குள் தள்ளி, வாயிடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிங் மட்டும் மாற்றினாலே பலன் தெரியும். பிஸ்டனும் சிலிண்டரும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தால், ஆயில் சீல், கூலி உட்படக் கணக்குப் போடுங்கள். புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன்.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கட்டும். ரிங்கின் வாய் அதற்கான குட்டிப் பின்னில் உட்கார வேண்டும். பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் சர்க்லிப்பைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பழையது கழன்று விழுந்தால் புதுச் சிலிண்டரும் போச்சு. கம்பெனி 50:1 சொன்னால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். கவாத்து முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். முதல் இரண்டு டேங்குக்கு மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் அலறவிட வேண்டாம். அதன்பிறகு அதே கேஜில், அதே சூட்டில் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.