உதைக்கு முன்னாடியே மூடிக்குற கண்ணு

கேள்வி: லைசென்ஸ் எடுத்து, அனுமதி உள்ள இடத்துல மான் வேட்டைக்குப் போறேன். தேர்ட்டி-நாட்-சிக்ஸ் ரைஃபிள், ஸ்கோப்போட மூணரை கிலோ. டார்கெட்ல மொத ரெண்டு குண்டு சரியா விழுது, அப்புறம் கண்ட இடத்துக்குப் போகுது. தோளும் வலிக்குது. குழல் நுனியில போடுற மசில் பிரேக் மாட்டுனா சரியாகுமா?

பதில்: மொத ரெண்டு சரியா விழுதுன்னா துப்பாக்கி மேல பெருசா தப்பு இருக்காது, சுட்டதும் துப்பாக்கி பின்னாடி வந்து இடிக்குற உதை இருக்கே, உங்க உடம்பு அதுக்கு முன்கூட்டியே தயாராகுது, ட்ரிகரை அமுக்குற அந்த நொடியில கண்ணு மூடிக்குது தோளு முன்னாடி தள்ளுது, வெடிக்குற அதிர்ச்சியில இது உங்களுக்கே தெரியாமப் போயிடுது. ஷூட்டிங் ரேஞ்சுல ஒரு நண்பரை நிறுத்தி, நிஜத் தோட்டாவையும் வெடிக்காத டம்மியையும் உங்களுக்குத் தெரியாம கலந்து போடச் சொல்லுங்க. டம்மி வரும்போது 'டிக்'னு மட்டும் சத்தம் வரும், ஆனா ஸ்கோப்புல குறுக்குக்கோடு சட்டுனு கீழ குதிக்கும் பாருங்க, அதான் உங்க வியாதி. அது அசையாம நிக்குற வரைக்கும் டம்மியும், உதையே இல்லாத மாதிரி இருக்குற பாயிண்ட் டூ-டூ சின்னத் தோட்டா ரைஃபிளும்தான் மருந்து. பெரிய தோட்டா ஒரு நாளைக்கு பத்து போதும், தோள் கன்னிப்போன பிறகு சுடுற ஒவ்வொண்ணும் பயத்தைத்தான் பழக்கும்.

பிரேக் உதையை நல்லாவே குறைக்கும். ஆனா வெடிச்சத்தம் உங்க பக்கமே திரும்பும், வேட்டை ரைஃபிள் ஏற்கனவே 150 டெசிபலுக்கு மேல, காதுக்கவசம் இல்லாம ஒரு தடவை கூட வேண்டாம். எனக்குப் பிடிச்சது எடை. அதே தோட்டாவுக்கு மூணரை கிலோ துப்பாக்கி நாலரை கிலோ ஆனா உதையோட சக்தி கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறையும், ஆனா மலை ஏறும்போது அந்த ஒரு கிலோ தெரியும்தான். தோள்ல வைக்குற அடிக்கட்டைக்கு நல்ல ரப்பர் பேட் போடுங்க, கட்டையோட நீளம் உங்க கைக்குப் பொருந்துதான்னும் பாருங்க. அடிக்கட்டை தோள் எலும்பு மேல இல்லாம உள்பக்கச் சதைக்குழியில இறுக்கமா உக்காரணும், லூசா பிடிச்சா அது ஓடி வந்து இடிக்கும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் ஒம்போது சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்க, இல்லன்னா புருவம் கிழியும்.

பெஞ்சுல உக்காந்து சுட்டா உடம்பு பின்னாடி போக வழியில்லாம முழு அடியையும் தோளே வாங்கும், அதனால ஸ்கோப் செட் பண்ணி முடிச்சதும் எழுந்து நின்னு பழகுங்க.

குறுக்குக்கோடு இன்னமும் குதிச்சா இந்த சீசன் இந்தத் துப்பாக்கியோட காட்டுக்குப் போகாதீங்க, தயவுசெஞ்சு. வயித்துல குண்டு வாங்குன மான் உடனே சாகாது, மணிக்கணக்கா துடிக்கும். அங்க சட்டம் அனுமதிச்சா டூ-ஃபார்ட்டி-த்ரீங்குற சின்னத் தோட்டா ரைஃபிள் எடுங்க, உதை கிட்டத்தட்ட பாதிதான், சரியான இடத்துல பட்டா மானுக்கு அதுவே தாராளம்.