அமேசான் வாங்கிய கிளினிக்கில் தொடரலாமா?

சியாட்டிலில் நீங்கள் போய்வரும் ஒன் மெடிக்கல் கிளினிக்கை அமேசான் வாங்கிவிட்டதே, சர்க்கரை மாத்திரை விவரமெல்லாம் விளம்பரக்காரன் கைக்குப் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். அவ்வளவு சுலபமில்லைங்க. ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மருத்துவப் பதிவை விளம்பரத்துக்கு எடுக்க முடியாது; ஆனால் அந்தச் சம்மதத்தைத்தான் நாம் ஆப்பில் படிக்காமலேயே தட்டிக் கொடுத்துவிடுகிறோம் (நானும்தான்). கொடுத்திருந்தால் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

எனக்குப் பயம் வேறு. 2019இல் ஆரம்பித்த அமேசான் கேர் என்ற தங்கள் மருத்துவச் சேவையை 2022 கடைசியில் மூடிவிட்டார்கள். ஒன் மெடிக்கலில் சுமார் 390 கோடி டாலர் கொட்டியிருக்கிறார்கள், சட்டென்று மூடமாட்டார்கள்தான், இருந்தாலும் உங்கள் பதிவுகளின் நகலை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், பொதுவாக 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.