முதல் விஸ்கியைப் புகையில் தொடங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 34 வயது. எப்போதாவது பீரோ ஒயினோ குடிப்பேன். விஸ்கி எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் நண்பர் வீட்டில் லாஃப்ராய்க் 10 கொஞ்சம் குடித்தேன். ஒரே ஆஸ்பத்திரி வாடை. ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. ‘நல்ல விஸ்கி இப்படித்தான் இருக்கும், தண்ணீர் கலக்காமல் ராவாகவே குடித்துப் பழகு’ என்கிறார் அவர். எனக்கு விஸ்கியே ஒத்துவராதா? முதலில் எதை வாங்கலாம்? 12 வருடமா, 18 வருடமா?

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 1860களில் ஜோசப் லிஸ்டர் அறுவைக் காயங்களில் கிருமி சேராமல் இருக்கப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் வேறொன்றுமில்லை, பீனால்தான். அந்தப் பீனால் குடும்பத்து வேதிப்பொருள்கள்தான் நீங்கள் குடித்த விஸ்கியின் மணத்துக்கும் காரணம்.

அவை வந்த வழி இது. விஸ்கிக்கான பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, பிறகு உலர்த்த வேண்டும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் அந்த நெருப்புக்குப் பீட் எரிப்பார்கள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த செடிகொடிகளின் படிவு அது. வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். அந்தப் புகை ஈரமான தானியத்தில் ஒட்டிக்கொள்கிறது. நொதித்து, காய்ச்சி வடித்து, வருடக்கணக்கில் பீப்பாயில் கிடந்த பிறகும் போவதில்லை. ஐலாவின் தென்கரையில் அடுத்தடுத்து இருக்கும் லாஃப்ராய்க், லாகவுலின், ஆர்ட்பெக் மூன்றும் இந்தப் புகைக்கே பேர்போனவை. பல வருடங்களாக விஸ்கி குடிப்பவர்களிலேயே இவற்றைத் தொடாதவர்கள் நிறைய. இதில் பிடித்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் இதை வைத்து விஸ்கி மொத்தத்தையும் எடைபோட முடியாது. பெரும்பாலான விஸ்கிகளில் இந்த வாடை கிடையாது.

நீங்கள் பீர் குடிப்பவர் என்பதால், முளைகட்டிய பார்லியின் ருசி உங்களுக்குப் புதிதல்ல. சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டுமே செய்யப்படுவது. காய்ச்சி வடிப்பதற்கு முந்தைய கட்டத்தில் அது கிட்டத்தட்ட ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) சேர்க்காத பீர்தான். அதனால் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிக் 12 இரண்டிலுமே ஆல்கஹால் 40 சதவீதம். ஆப்பிள், பேரிக்காய் மாதிரியான பழ மணமும் லேசான இனிப்பும் இருக்கும், புகை இருக்காது. ஒயின்தான் அதிகம் பிடிக்கும் என்றால் பால்வெனி டபுள்வுட் 12 பாருங்கள். கடைசிக் கட்டத்தில் ஷெர்ரி ஒயின் பீப்பாயில் வைத்து எடுப்பதால் உலர்திராட்சை, தேன் பக்கம் போகும் ருசி அது. இவற்றைவிட லேசாக வேண்டுமென்றால் அயர்லாந்தின் ஜேம்சன். மூன்று முறை வடிப்பதால் தொண்டையில் சுலபமாக இறங்கும். அமெரிக்க விஸ்கியான பர்பன் தனி ரகம். அதில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வனிலா, கேரமல் வாசனை தூக்கலாக இருக்கும். இனிப்புப் பிரியர்களுக்கு அது பிடித்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், உங்களுக்கு கிளென்லிவெட் 12.

ஆனால் உடனே பாட்டில் வாங்காதீர்கள். நல்ல பாரில் 30 மில்லி கேட்டு வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் 50 மில்லி குட்டி பாட்டில் கிடைக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகையைப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தால் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று சட்டென்று பிடிபடும். தனியாக ஒன்றைக் குடிக்கும்போது அந்தத் தெளிவு கிடைக்காது.

அப்புறம், தண்ணீர். இதில் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பீப்பாயிலிருந்து எடுக்கும்போது விஸ்கி பெரும்பாலும் 50 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். 40க்குக் கொண்டுவரத் தயாரிப்பாளரே தண்ணீர் சேர்த்துத்தான் பாட்டிலில் அடைக்கிறார். பிளெண்டர்கள், அதாவது பல பீப்பாய் விஸ்கிகளைக் கலந்து ருசியை அமைக்கும் நிபுணர்கள், பலர் விஸ்கியை முகர்ந்து தரம் பார்க்கும்போது ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் அளவுக்கு நீர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஆல்கஹால், மிளகாய்க் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறது. பீரிலிருந்து நேராக 40 சதவீதத்துக்கு வருபவருக்கு அந்த எரிச்சலைத் தாண்டி வேறெதுவும் தெரியாது. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி, வாசனை மேலே வரும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரி வழியாகக் காட்டினார்கள்: ஆல்கஹால் அடர்த்தி குறையும்போது குவாயகால் என்ற மணப்பொருள் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. குவாயகால் புகை மணம் தரும் பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் லாஃப்ராய்க்கில் தண்ணீர் கலந்தால் எரிச்சல் குறையுமே தவிர, அந்த வாடை போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குடிக்கும் முறை எளிது. வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள். மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் வாய் வெறும் அதிர்ச்சிதான், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது வாயை நாக்கில் சில நொடி வைத்திருந்து விழுங்குங்கள். ஐஸ் எரிச்சலைக் குறைக்கும், கூடவே மணத்தையும் அமுக்கிவிடும். அதனால் முதலில் ஐஸ் இல்லாமல், பிறகு உங்கள் இஷ்டம். சோடா கலந்து குடிப்பதிலும் தவறே இல்லை.

12ஆ 18ஆ என்ற கேள்விக்கு: 12 போதும். அந்த எண், பாட்டிலில் கலந்துள்ளவற்றில் மிக இளையதன் வயது. 18இல் மரத்தின் தாக்கம் கூடும், விலையும் கூடும். புதியவருக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. நிறத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள், ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. லேபிளில் நீங்கள் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவீதம்தான். ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ (பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது) என்று இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அளவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 330 மில்லி பீரில் உள்ள ஆல்கஹால், 40 மில்லி விஸ்கியிலேயே வந்துவிடுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. வண்டி ஓட்டும் நாளில் வேண்டாம், மாத்திரை எதுவும் எடுத்துக்கொண்டால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். நான்கைந்து வகை பார்த்தும் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பிடித்துப்போய் ஒரு பாட்டில் வாங்கினால், நிற்கவைத்தே வையுங்கள். படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரியில் வைத்தால் திறந்த பாட்டிலும் பல மாதங்கள் தாங்கும். அதனால் சீக்கிரம் தீர்க்க வேண்டுமே என்று அவசரப்பட வேண்டாம்.