வுட்ஹவுஸின் நகைச்சுவை நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக்குவது ஏன் கடினம்?

ஆங்கில எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸின் ஜீவ்ஸ் கதைகளில் சிரிப்பின் பெரும்பகுதி நிகழ்ச்சிகளில் இல்லை. அவற்றை நமக்குச் சொல்லும் பெர்ட்டி வூஸ்டரின் குரலில்தான் இருக்கிறது. பெர்ட்டி ஒரு செல்வந்த இளைஞர்; ஜீவ்ஸ் அவரது பணியாளர். சம்பவங்களை மட்டும் பிரித்தெடுத்தால், தவறுதலாக நேர்ந்த நிச்சயதார்த்தங்களும் அத்தைமார்களின் அதட்டல்களும்தான் மிஞ்சும். அந்தக் குரலைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது என்பதே முதற்சிக்கல்.

1990 முதல் 1993 வரை பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்' தொடரின் திரைக்கதையாசிரியர் கிளைவ் எக்ஸ்டன், பின்னணிக் குரலைச் சார்ந்திராமல், பெர்ட்டியின் மொழியை உரையாடலுக்குள் கொண்டுவந்தார். எஞ்சியதை நடிகர்கள் சுமந்தனர். பெர்ட்டியாக நடித்த ஹியூ லாரியின் திகைத்த விழிகளும் ஜீவ்ஸாக நடித்த ஸ்டீபன் ஃப்ரையின் அசையாத முகமும் பல பத்திகளின் வேலையைச் செய்கின்றன. பெர்ட்டி பியானோ முன் அமர்ந்து அக்காலப் பாடல்களைப் பாடும் காட்சிகள், எவ்வித விளக்கமுமின்றி அவரது வெள்ளை மனத்தைக் காட்டிவிடுவதால், அவற்றையே இத்தழுவலின் மிகச்சிறந்த கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன்.

காலச்சூழலும் எளிதன்று. ஜீவ்ஸ் கதைகள் 1915இல் தொடங்கி 1974 வரை வெளிவந்தபோதும், அவற்றின் உலகம் அதிகம் மாறுவதில்லை. தொடரோ ஒரு காலத்தைத் தேர்ந்தாக வேண்டும் என்பதால், இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் நிலைகொண்டது. உடை, கார், மாளிகை அனைத்தும் துல்லியமாக இருக்க வேண்டும்; ஆனால் பாத்திரங்கள் அவற்றைக் கவனிக்கவே கூடாது. பிற்பகுதியில் ஜீவ்ஸுக்குப் பெண்வேடமிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஏனெனில் அவரது குலையாத கண்ணியத்தின் மீதுதான் மற்றவர்களின் குழப்பம் முழுவதும் நிற்கிறது.