ஃபிடில் (வயலின்) ட்யூனுக்கு வலு எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஐரிஷ் ரீல் (வேகமான நடன மெட்டு) கேட்டால் கால் தானாகத் தட்டுகிறது. அதையே நோட்ஸ் பார்த்து நான் வாசித்தால் சப்பென்று இருக்கிறது. ஏன்?

பதில்: நோட்ஸில் வில் இல்லை, அதனால்தான். ரீலில் ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) எட்டு ஸ்வரம், எல்லாம் ஒரே நீளம் என்று எழுதியிருக்கும். ஸ்வரத்துக்கு ஒரு வில் என்று வாசித்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்கும். அயர்லாந்தின் ஸ்லைகோ பக்கத்து வாசிப்பைக் கவனியுங்கள். தாள அடிக்கு முந்தைய ஸ்வரத்திலேயே வில்லைத் திருப்பி, அதே வீச்சில் அடிக்குள் போய்விடுவார்கள். நாலாவது ஸ்வரமும் ஐந்தாவதும் ஒரே வில். எட்டாவதும் அடுத்த பாரின் முதல் ஸ்வரமும் ஒரே வில். அடி விழும்போது வில் திரும்பாது, அழுத்தம் மட்டும் ஏறும். ட்யூனைத் தரையிலிருந்து தூக்குவது அந்த ஏற்றம்தான்.

இதை எல்லா பாரிலும் ஒரே மாதிரி செய்தால் அதுவும் சலித்துவிடும். ஸ்லைகோ ஃபிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1920-களில் நியூயார்க்கில் பதிந்த இசைத்தட்டுகளைக் கேளுங்கள். ஒரே பகுதி திரும்பி வரும்போது வில் வேறு இடத்தில் திரும்பியிருக்கும். இரண்டே பார் எடுத்து, பாதி வேகத்தில், வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டு வாசியுங்கள். வேகத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: ரீல் எவ்வளவு வேகம் போக வேண்டும்?

பதில்: ஆடுகிறவர்களின் கால் சொல்லும். ஆட்டம் இல்லையென்றால் அவசரம் இல்லை. கிழக்கு க்ளேரைச் சேர்ந்த மார்ட்டின் ஹேய்ஸ் நிதானமாக வாசித்தே அரங்கைக் கட்டிப்போடுகிறார்.

கேள்வி: அண்ணா, நான் கர்நாடக வயலின் கற்கிறேன். ஐரிஷ் வாசிப்பில் வரும் ரோல் என்ற அலங்காரமும் கமகமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. கமகத்தில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் வழிதான் உயிர். ரோலில் அந்த வழியே கேட்கக் கூடாது. மூல ஸ்வரம், மேலே ஒரு தட்டு, மூல ஸ்வரம், கீழே ஒரு தட்டு, மறுபடி மூல ஸ்வரம், எல்லாம் ஒரே வில்லில். தட்டும் விரல் தந்தியை முழுதாக அழுத்தாது, பட்டதும் எழும். அது என்ன ஸ்வரம் என்று காது பிரித்தறிந்தால் மெதுவாகத் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அது மெலடி வேலை இல்லை, தாள வேலை.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்தின் டொனெகாலிலும் சில ட்யூன்களுக்குத் தந்திகளை ஏ-ஈ-ஏ-ஈ என்று கூட்டுவார்கள். உங்கள் ஸ-ப-ஸ-ப அதே அமைப்புதான். வாசிக்காத தந்தியும் சேர்ந்து அதிர்வதால் ஒரே வயலின் இரண்டு வயலின் கனத்தில் ஒலிக்கும்.

கேள்வி: வலு வில்லில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது என்பேன். கிட்டாரும் போரானும் (ஐரிஷ் கைமேளம்) எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் பயிற்சிப் பாடம்தான்.

பதில்: கொஞ்சமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிட்டாரும் பூசூகியும் (நீண்ட கழுத்துள்ள தந்திக் கருவி) இந்த இசையில் பரவலானதே 1960-களுக்குப் பிறகு. போரானை இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா மேடைக் குழுவுக்குள் கொண்டுவந்ததும் அப்போதுதான். அதற்கு முன்பு ஒற்றை ஃபிடிலை வைத்துக்கொண்டு வீடு நிறைய ஆட்களை ஆட வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (அதே நண்பர்): அப்போது வேறு வழி இல்லை, அதனால் ஆடினார்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும்போது எனக்குச் சிலிர்க்கிறதே, அது பொய்யா?

பதில்: சிலிர்ப்பு உண்மை. ஆனால் அந்த மாற்றம் ட்யூனுக்குள்ளேயே இருக்கிறது, கிட்டார் அதை எடுத்துச் சொல்கிறது. நம் இசையில் ஸட்ஜம் நகராது. ஐரிஷ் இசையில் பல ட்யூன்களில் ஆதாரமே நகரும். ஈ டோரியன் ரீல் ஒன்றை எடுங்கள் (கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான்). ஈ-யைச் சுற்றிச் சுழலும் வரி சட்டென ஒரு முழு ஸ்வரம் இறங்கி டி-யைப் பிடிக்கும், உடனே ஈ-க்குத் திரும்பும். வயலின் தனியாக வாசித்தாலும் காலடியில் தரை இறங்கி ஏறுவது தெரியும். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பைப்பில் இது இன்னும் பச்சையாகக் கேட்கும்: ட்ரோன் (சுருதி) ஏ-யிலேயே நிற்க, ட்யூன் ஜி-க்கு இறங்கி உரசும்.

கோல்மன் தட்டுகளிலேயே பியானோ பல இடங்களில் தப்பான கார்டைப் பிடிக்கிறது. ட்யூன் செத்துவிட்டதா? அந்தத் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பி வந்து ஒரு தலைமுறையின் வாசிப்பையே மாற்றின.

கேள்வி (அதே நண்பர்): நல்ல கிட்டார்காரர் சேர்ந்தால் கூடுமா, கூடாதா?

பதில்: கூடும். நல்ல கிட்டார்காரர் ஃபிடிலின் வில்லைக் கேட்டு வாசிப்பார். டொனெகாலில் ஊர் ஊராகப் போய்த் தகர வேலை செய்த ஜான் டோஹெர்ட்டி தனியாக வாசித்த பதிவுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கேள்வி: ஸ்காட்டிஷ் வாசிப்பு எப்படி வேறுபடுகிறது?

பதில்: ஸ்ட்ராத்ஸ்பேயிலிருந்து தொடங்குங்கள். அது ரீலைவிட நிதானமான நடனம். அடியிலேயே ஒரு குட்டி ஸ்வரம் வெடித்து, நீண்ட ஸ்வரத்தில் போய் நிற்கும். பெர்த்ஷயரின் நீல் கௌ (1727–1807) வில்லைத் தள்ளும் வீச்சில் காட்டிய பலத்துக்காகவே புகழ்பெற்றவர். பெரும்பாலோருக்கு இழுக்கும்போதுதான் பலம் இருக்கும். தள்ளும்போதும் அதே பலம் வந்தால் அடி எங்கே விழுந்தாலும் கை தயாராக இருக்கும். ஒரே ஸ்வரத்தை மணிக்கட்டால் மூன்றாகச் சிதறடிக்கும் பர்லும் அங்கே உண்டு. கூலி வேலைக்கு ஸ்காட்லாந்து போய்வந்த டொனெகால்காரர்கள் வாசிப்பில் அந்தச் சாயல் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் (மேற்கத்திய மெட்டில் அமைந்த பாடல்களில்) ஐரிஷ் மெட்டு உண்டா?

பதில்: உண்டு. ‘வந்தே மீனாக்ஷி’ ஐரிஷ் மெட்டான ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’வைத் தழுவியது.

கேள்வி: எந்த வயலின் வாங்கலாம்?

பதில்: கையில் இருப்பது போதும். மற்றதை வயலின் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள், என்னைவிட அவருக்குத் தெரியும்.

கேள்வி: மெட்ரோனோமில் எத்தனை வைத்துப் பழக வேண்டும்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேகத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதமாகப் பழகுகிறேன், இன்னும் வேகம் வரவில்லை.

பதில்: வேகம் வேண்டாம் தம்பி. வாசிப்பதைப் பதிந்து, யாரையாவது அதற்குக் கால் தட்டச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் உங்கள் வில் தப்பாகத் திரும்புகிறது. அந்த இடத்தை மட்டும் சரி செய்யுங்கள்.

கேள்வி: ஓ’நீல் தொகுப்பை வைத்துக் கற்கலாமா?

பதில்: சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ’நீல் 1903-ல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தில் 1,850 மெட்டுகள் இருக்கின்றன. பெரிய சொத்து. ஆனால் அதிலும் வில் இல்லை. முதலில் ஒலிப்பதிவைக் கேட்டு, வாயால் பாடி, அப்புறம் மறந்துபோன ஸ்வரத்தைத் தேட மட்டும் அதைத் திறவுங்கள்.